தலைவரின் நோயும் தொழிலின் ஆயுளும்

ஒரு தொழிலதிபர் நோய்வாய்ப்பட்டார் என்ற செய்தி பரவியவுடன் அவருடைய குடும்பத்தாருக்கு உண்டாகும் கவலை இயற்கையானது. ஆனால் அவரை ஒரு முறையேனும் நேரில் கண்டிராத ஆயிரக்கணக்கான ஜனங்களும், "எப்பொழுது எழுந்து வருவார்? எப்பொழுது வேலைக்குத் திரும்புவார்?" என்று கவலையுறுவார்களானால், அக்கவலைக்குக் காரணம் அன்பு மட்டுமன்று. அவர்களுடைய சோறு அந்த ஒருவருடைய நாடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அப்படிக் கட்டி வைத்தது நியாயந்தானா, அக்கட்டை அவிழ்ப்பதற்கு வழி என்ன என்பதை இன்று ஆராய விரும்புகிறோம்.

இவ்விஷயம் வேறெந்த ஊரைக் காட்டிலும் திருப்பூருக்கு உரியது. பருத்திச் சந்தைக்கும் கதருக்கும் பெயர் பெற்றிருந்த இவ்வூரில் 1920-களில் பனியன் பின்னும் தொழில் வேரூன்றியது. 1980-களில் அயல்நாட்டு வியாபாரம் பெருகிற்று. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் ஏற்பட்டது. 2009-ல் திருப்பூர் ஒரு ஜில்லாவின் தலைநகரமாயிற்று. 2024-25-ம் வருஷத்தில் இங்கிருந்து வெளிநாடு சென்ற பின்னலாடையின் மதிப்பு ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய வியாபாரம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில ராட்சத மில்களால் நடப்பதன்று. ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தரக் கம்பெனிகளால் நடப்பது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் ஓரிடம் என்று ஒரு பனியன் பெட்டிக்குள் போய்ச் சேருமுன் பல வாசல்களை ஏறி இறங்குகிறது. இவ்வாசல்களை எல்லாம் இணைக்கும் கயிறு, ஆர்டரை வாங்கிய முதலாளியின் வாக்கு.

அந்த முதலாளி பெரும்பாலும் தம் கைப்பாட்டால் உயர்ந்தவர். பையரிடம் விலை பேசுபவர் அவரே. நூல் விலை ஏறினால் எந்த ஆர்டரில் எவ்வளவு நஷ்டம் தாங்கலாம் என்று அறிந்தவரும் அவரே. பாங்கியின் பேக்கிங் கிரெடிட் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்திருப்பவரும் அவரே. சனிக்கிழமைச் சம்பளத்துக்குச் செக்கில் கையெழுத்திடுபவரும் அவரே. கம்பெனியின் கணக்கில் பாதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்றப் பாதி அவருடைய ஞாபகத்தில் இருக்கிறது. இம்மனிதர் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை நூல் மில்லிலிருந்து போன் வருகிறது. வெள்ளிக்கிழமை சாயப்பட்டறைக்காரர் துணியை விடுவிக்கத் தயங்குகிறார். சனிக்கிழமை மாலையில், ஒடிசாவிலும் பீகாரிலும் தென் ஜில்லாக்களிலும் உள்ள வீடுகளுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஆண்களும் பெண்களும் கம்பெனி வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் முதலாளியின் நலத்தை விசாரிக்கும்போது தங்கள் வார அரிசியையும் சேர்த்தே விசாரிக்கிறார்கள்.

இச்சமயத்தில் குடும்பத்தார் பெரும்பாலும் செய்வது நோயை மறைப்பது. "சாதாரணப் பரிசோதனைதான், இரண்டு நாளில் வந்துவிடுவார்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களை நாம் குற்றங் கூறவில்லை. உண்மையைச் சொன்னால் பாங்கி கையை இறுக்கும், பையர் வேறு கம்பெனியைத் தேடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. ஆயினும் மறைத்த செய்தி மறைந்து விடுவதில்லை; அது வதந்தியாக உருவெடுத்து, உண்மையைவிடப் பெரிதாக ஊரைச் சுற்றி வருகிறது. அவ்வதந்தியை அடக்குவதற்காகவே, வைத்தியர் கூடாதென்று தடுத்தும், முதலாளி பத்தாம் நாள் ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்து காட்ட நேரிடுகிறது. இதை ஊர் அவருடைய தைரியம் என்று புகழ்கிறது. உண்மையில் இது ஊரார் எல்லோரும் சேர்ந்து ஒரு நோயாளிக்குச் செய்யும் கொடுமை.

நமது தேசத்தில் துணித் தொழிலில் உயர்ந்த ஒருவருடைய சரித்திரமே இதற்குத் தக்க பாடமாக இருக்கிறது. திருபாய் அம்பானி ஏடனில் வேலை பார்த்துத் திரும்பி, பம்பாயில் நூல் வியாபாரம் செய்து, 1966-ல் ஆமதாபாத்தை அடுத்த நரோடாவில் துணி ஆலை வைத்தவர். 'விமல்' துணி அவருடையது. 1977-ல் தமது கம்பெனியின் பங்குகளைப் பொது ஜனங்களுக்கு விற்றார். பங்குதாரர் கூட்டத்தை எந்த மண்டபத்திலும் அடக்க முடியாமல் மைதானத்தில் நடத்தும் அளவுக்கு மத்திய தரக் குடும்பங்கள் அவரை நம்பின. 1986 பிப்ரவரியில் அவருக்கு வாத நோய் கண்டது. வலது கை செயலிழந்தது. அதே வருஷத்தில்தான் அவருடைய கம்பெனியின் மீது பத்திரிகைகளில் கடுமையான குற்றச்சாட்டுகள் வெளியாயின. சர்க்கார் விசாரணைகளும் தொடர்ந்தன. எழுந்து வருவாரா என்று பங்குதாரர்கள் மட்டுமன்றி அவருடைய எதிரிகளும் கவனித்திருந்த காலம் அது.

அவர் எழுந்து வந்தார். மேலும் 16 வருஷம் கம்பெனியின் தலைவராக இருந்தார். ஆனால் அந்நெருக்கடியைக் கடத்தியது அவருடைய மனோதிடம் ஒன்றே என்று சொல்வது அரை உண்மை. நோய் வருமுன்பே மூத்த குமாரர் முகேஷை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படிப்பிலிருந்து அழைத்து, பாதாளகங்கா ஆலையின் வேலையில் இறக்கியிருந்தார். இளைய குமாரர் அனிலும் தொழிலுக்குள் வந்திருந்தார். ஆகவே ஒரு கை ஓய்ந்தபோது வேறு கைகள் தயாராயிருந்தன. 1986-ல் தொழில் தப்பியதற்கு இது முக்கியக் காரணம்.

2002 ஜூன் 24-ல் இரண்டாம் முறை வாதம் தாக்கிற்று. நினைவிழந்து பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஜூலை 6-ல் காலமானார். அன்றைக்கும் ஆலைகள் ஓடின, கைகள் பழகியிருந்தன. ஆனால் அவர் உயில் எழுதி வைக்கவில்லை. யாருக்கு எது, யார் சொல் முடிவானது என்பது காகிதத்தில் இல்லை. 2004 நவம்பரில் சகோதரர் பிணக்கு வெளிப்பட்டது. 2005 ஜூனில் தாயார் கோகிலாபென் நடுநின்று பாகம் பிரித்த பின்னும், இயற்கை வாயு சம்பந்தமான வழக்கு 2010 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வரையில் சென்றது. ஆளைத் தயார் செய்திருந்ததால் முதல் நோயில் தொழில் தப்பியது; காகிதத்தைத் தயார் செய்யாததால் இரண்டாம் நோய்க்குப் பின் குடும்பம் பிளந்தது. அவ்வளவு பெரிய ஸ்தாபனம் அந்தப் பிளவைத் தாங்கிற்று. 80 தையல் மெஷின் வைத்திருக்கும் கம்பெனி தாங்குமா?

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடம் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடாவும் துணி ஆலைக்காரரே. நாகபுரியில் 1877-ல் எம்பிரஸ் மில்லைத் திறந்தவர். இரும்பு உருக்காலை, விஞ்ஞானக் கல்விச் சாலை, நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் ஆகிய மூன்றும் அவருடைய பெரு நோக்கங்கள். நோய்க்குச் சிகிச்சை பெறச் சென்ற இடமாகிய ஜெர்மனியில் 1904 மே 19-ல் இறந்தார். மூன்றில் ஒன்றையும் அவர் கண்ணால் காணவில்லை. ஆனால் 1907-ல் இரும்புக் கம்பெனி ஏற்பட்டது. 1909-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகம் ஏற்பட்டது. 1910-ல் நீர் மின்சாரக் கம்பெனி ஏற்பட்டது. குமாரர் தோராப்ஜியும், பாதுஷா முதலிய சகாக்களும் அவர் இருக்கும்போதே அவ்வேலைகளில் ஊறியிருந்தார்கள். தலைவர் இறந்தார், தலைவருடைய வேலை இறக்கவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு நினைவும் உண்டு, அது கசப்பானது. 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஸ்தாபித்த சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தகர்க்க வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சர்க்கார் தன் பலத்தை எல்லாம் பிரயோகித்தது. இறுதியில் அவர்கள் 1908 மார்ச்சில் பிள்ளையவர்களையே பிடித்துச் சிறையிலிட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது கப்பல் இல்லை. கம்பெனி வீழ்ந்ததற்குப் பகைவரின் சூழ்ச்சியும் பங்குதாரரின் பயமும் காரணம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஒரு மனிதரை அகற்றினால் போதும் என்று பகைவன் கணக்கிட்டான், அக்கணக்கு சரியாயிற்று. அன்று சிறை செய்ததை இன்று மாரடைப்பு செய்யலாம். பலன் ஒன்றே.

இனி, நோயைப் பற்றிப் பொது ஜனங்களுக்கு எவ்வளவு தெரிவிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியின் தலைவராயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2009 ஜனவரியில் முதலில் தமது உடல் மெலிவுக்கு ஹார்மோன் குறைபாடு காரணம் என்று அறிவித்தார். சில தினங்களுக்குள் விஷயம் அதைவிடச் சிக்கலானது என்று கூறி விடுமுறை எடுத்தார். அவருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை நடந்தது ஜூன் மாதத்தில்தான் உலகுக்குத் தெரிந்தது. பங்குதாரருக்கு உரிய உண்மை கிடைக்கவில்லை என்ற கண்டனம் எழுந்தது நியாயமே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2004-ல் அவர் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தபோதும், 2009-லும், 2011-லும், டிம் குக் என்பவரே அன்றாட நிர்வாகத்தை நடத்தினார். 2011 ஆகஸ்டில் ஜாப்ஸ் பதவி விலகி அக்டோபர் 5-ல் இறந்தபோது, அடுத்தவர் யார் என்று எவரும் தேட வேண்டியிருக்கவில்லை.

நமது தேசத்தில் இப்பொழுது இதற்கு ஒரு விதி இருக்கிறது. பங்குச் சந்தையில் பதிவு பெற்ற கம்பெனியின் நிர்வாக இயக்குநரோ தலைமை நிர்வாக அதிகாரியோ, தொடர்ந்து வரும் எந்த 90 தினங்களிலும் 45 தினங்களுக்கு மேல் தமது கடமையை வழக்கம் போல் செய்ய முடியாத நிலையில் இருந்தால், அதையும் அதன் காரணத்தையும் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். 2023-ல் செபி கொண்டு வந்த திருத்தம் இது. அடுத்து நிர்வாகத்தை ஏற்பவர் பற்றிய திட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அத்தகைய கம்பெனிகளின் டைரக்டர்கள் கடமையென்று 2015-ம் வருஷ விதிகளே கூறுகின்றன. ஆனால் திருப்பூரின் மிகப் பெரும்பாலான கம்பெனிகள் பங்குச் சந்தையின் பக்கமே போகாதவை. அவற்றுக்கு இவ்விதி எட்டாது. விதி எட்டாத இடத்தில்தான் ஆபத்து அதிகம்.

சட்ட நிலைமை என்னவென்று நமது வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. தனி உரிமையாளராக வியாபாரம் செய்பவர் இறந்தால், சட்டத்தின் கண்ணில் அந்த வியாபாரம் அவரோடு முடிகிறது, பாங்கிக் கணக்கு நிற்கிறது, ஜி.எஸ்.டி. பதிவையும் வாரிசு புதிதாகப் பெற வேண்டும். கூட்டு வியாபாரமானால், 1932-ம் வருஷச் சட்டத்தின்படி, உடன்படிக்கையில் மாறாக எழுதியிருந்தாலொழிய, ஒரு கூட்டாளியின் மரணம் கூட்டைக் கலைத்துவிடும். இருவர் மட்டுமே கூட்டாளிகளானால் எழுதி வைத்தும் பயனில்லை. தனி ஒருவர் கூட்டாக மாட்டார் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

மரணத்தைவிடச் சிக்கலானது நினைவிழந்து கிடக்கும் நிலை. "என் மனைவி பேருக்குப் பவர் எழுதி வைத்திருக்கிறேன், ஆகவே பயமில்லை" என்று பலர் நம்பியிருக்கிறார்கள். முதலாளி படுக்கையில் இருந்தும் புத்தி தெளிவாக இருக்கும் வரையில் அப்பத்திரம் உதவும். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ, 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின்படி, கொடுத்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அதாவது, எந்த வேளைக்கென்று குடையை வாங்கி வைத்தோமோ அந்த மழையிலேயே அது விரியாது. அதன் பிறகு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 2024-ல் சென்னை ஹைக்கோர்ட்டு, நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. தனி நீதிபதி முதலில் மனுவைத் தள்ளிவிட, அப்பீலில்தான் அந்த மனைவிக்குப் பரிகாரம் கிடைத்தது. ஹைக்கோர்ட்டு வரை சென்று உத்தரவு பெறும் வரையில் சனிக்கிழமைகள் காத்திருக்குமா?

பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது; நாம்தான் பயன்படுத்துவதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினாலும், 2008-ம் வருஷச் சட்டத்தின்படி எல்.எல்.பி.யாக மாற்றினாலும், ஸ்தாபனத்தின் ஆயுள் வேறு, மனிதரின் ஆயுள் வேறு என்று ஆகிவிடும். ஒரே ஆளாகத்தான் நடத்துவேன் என்பவருக்கும் 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம் 'ஒரு நபர் கம்பெனி' என்ற வழியைத் திறந்திருக்கிறது. அதில், தாம் இறந்தாலோ ஒப்பந்தம் செய்யும் சக்தியை இழந்தாலோ தம் இடத்துக்கு வருபவர் இன்னார் என்று, அவருடைய சம்மதத்துடன், ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும். பாங்கியில் இரண்டாவது கையெழுத்துக்கு உரியவரை நியமிப்பதும், சாட்சிகளோடு உயில் எழுதுவதும் ஓரிரு தினங்களில் முடியக்கூடிய காரியங்கள்.

"உயிரோடிருக்கும்போதே இதையெல்லாம் எழுதுவது அபசகுனமல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். மெஷினுக்கும் கட்டடத்துக்கும் வருஷந்தோறும் இன்ஷ்யூரன்ஸ் கட்டுகிறவர்கள் அதனால் கம்பெனி தீப்பற்றும் என்று அஞ்சுவதில்லை. "பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும்" என்று வேறு சிலர் கூறுகிறார்கள். தகப்பனார் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய சண்டையை அவர் இல்லாத நாளுக்கு ஒத்திப் போடுவது எவ்விதத்தில் விவேகமாகும்? மேலும், அடுத்தவர் மூத்த குமாரராகத்தான் இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. கணக்கும் கம்பெனியும் அறிந்த மகள் இருக்கலாம். இருபது வருஷம் உடனிருந்து உழைத்த மானேஜர் இருக்கலாம். யாராயிருந்தாலும், முதலாளி திடமாக இருக்கும்போதே வருஷத்தில் ஒரு மாதம் அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் வரட்டும். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அந்த ஒரு மாதம் காட்டிக் கொடுத்துவிடும்.

இது தனி மனிதர்களின் வீட்டு விவகாரம் என்று தொழிற் சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் ஒதுங்கிவிடலாகாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி விதித்தபோது, ஆர்டர்களை எப்படிக் காப்பது, பையரோடு எப்படி விலை பேசுவது என்று ஒவ்வொரு கம்பெனியும் தினம் தினம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு மாதத்தில் முடிவு செய்பவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால், அவரை நம்பிய ஜாப் ஒர்க்காரர் அனைவரும் சேர்ந்து படுக்க நேரும். ஆகவே முதலாளிகள் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். ஓய்வு பெற்ற அனுபவஸ்தர்களைக் கொண்டு ஓர் ஆபத்துக்காலக் குழுவை அமைத்து, தலைவர் நோயுற்ற கம்பெனி கேட்டுக்கொண்டால், கையிலுள்ள ஆர்டர்களை முடித்து அனுப்பும் வரையில் உதவட்டும். கடன் கொடுக்கும் பாங்கிகள் முதலாளியின் சொத்துப் பத்திரத்தைக் கேட்பதோடு, "நீர் இல்லாத நாளில் யார்?" என்ற கேள்வியையும் கேட்கட்டும்.

தொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுத்துத் தீர வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. முதலாளிக்குக் காய்ச்சல் என்பது கூலியைத் தள்ளிப் போட அச்சட்டம் ஏற்கும் காரணமன்று. அவருடைய நோயின் பெயரை அறியத் தொழிலாளிக்கு உரிமை இல்லை. அறிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை கையெழுத்திடுபவர் யார் என்பதை அறிய அவருக்குப் பூரண உரிமை உண்டு. நோய் முதலாளியின் சொந்த விஷயம். ஏற்பாடு ஊரின் விஷயம். இவ்விரண்டையும் பிரித்து அறியாததால்தான் சொல்ல வேண்டியதை மறைக்கிறோம். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம்.

1932 ஜனவரியில் இவ்வூர் வீதியில் அடிபட்டு வீழ்ந்த குமரன், கையில் பிடித்த கொடியை விடவில்லை. அத்தியாகத்தை நாம் என்றென்றும் வணங்குகிறோம். ஆனால் அன்றாடத் தொழிலை அவ்விதமான தியாகத்தின் மீது நடத்தலாகாது. பனியன் கம்பெனி நடத்துகிறவர் உயிரைக் கொடுத்துக் கணக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேறொரு கையில் கொடுத்துவிட்டுப் படுத்து எழுந்து வரலாம். நோயுற்ற தொழிலதிபர்கள் விரைவில் குணமடைய வேண்டுமென்று நாமும் பிரார்த்திக்கிறோம். அவர்களை நாளைக்கே வந்துவிடும்படி நாம் கேட்கவில்லை. வைத்தியர் சொல்லும் நாளில், முழு பலத்தோடு வரட்டும். அதுவரையில் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்படி செய்வது, இன்று திடமாக நடமாடிக் கொண்டிருக்கும் முதலாளிகளின் கடமை. இதைப் படிக்கும் கனவான்கள் வரும் சனிக்கிழமை சம்பளச் செக்கில் கையெழுத்திடுமுன், அடுத்த சனிக்கிழமை தாம் இல்லாவிட்டால் அதே செக்கில் யார் கையெழுத்திடுவார் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டுகிறோம். பதில் கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக வக்கீலையும் பாங்கி மானேஜரையும் பார்ப்பாராக.